பிரான்ஸ் கிராமக் கால்வாய்களில் படகுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸில் வி.என்.எஃப். என்ற அரசு அமைப்பின் பொறுப்பில் மட்டும் சுமார் 6,700 கிலோமீட்டர் நீர்வழி இருக்கிறது. சரக்கு, ரயிலுக்கும் லாரிக்கும் போன பிறகு, அவற்றில் குறுகலான பழைய கால்வாய்கள் சுற்றுலாப் படகுகளின் வசமாயின. படகிலேயே தங்கி, சமைத்து, தூங்கி ஒரு வாரம் அங்கே பயணம் செய்ய நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் இவை.

இது எந்த மாதிரியான பயணம்? எங்களுக்கு ஒத்துவருமா?

படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ள படகில், நடையைவிடக் கொஞ்சமே கூடுதலான வேகத்தில் கிராமங்களின் ஊடே போவதுதான் இந்தப் பயணம். பல கால்வாய்களில் வேக வரம்பு மணிக்கு 6 கி.மீ.; தெற்கு பிரான்ஸிலுள்ள மிடி கால்வாயில் 8. முன்பு குதிரைகள் படகை இழுத்துச் சென்ற கரைப்பாதை இன்றும் கூடவே வருகிறது. அதில் சைக்கிளில் போகிறவர் உங்களை எளிதாக முந்திவிடுவார்.

ஒரு வாரத்தில் ஐந்து நகரங்களைப் பார்த்தாக வேண்டும் என்பவர்கள் ரயிலில் போவதே நல்லது. இது பிடித்துப் போகிறவர்கள் வேறு மாதிரி: படகின் மேல்தளத்தில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து, ஒரே தேவாலயக் கோபுரம் அரை மணி நேரமாக மெல்ல மெல்ல நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறவர்கள்.

படகு ஓட்ட உரிமம் வேண்டாமா?

வாடகைப் படகுக்கு வேண்டாம். வாடகைக்கு விடும் நிறுவனமே புறப்படுவதற்கு முன் பயிற்சி கொடுத்து, அந்தப் பயண காலத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு அட்டையைத் தருகிறது. பயிற்சி சுருக்கமாகத்தான் இருக்கும். அதனால் வெட்கப்படாமல் கேளுங்கள்: பின்னோக்கிச் செலுத்திக் காட்டச் சொல்லுங்கள், கரையில் அணைத்துக் கட்டச் சொல்லுங்கள், முடிந்தால் முதல் நீர்ப்பூட்டு (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) வரை கூட வரச் சொல்லுங்கள். படகுக்கு பிரேக் கிடையாது. நிறுத்துவதற்கு எஞ்சினைப் பின்னோக்கி இயக்க வேண்டும். சுக்கானைத் திருப்பி ஓரிரு விநாடி கழித்துத்தான் படகு திரும்பும். கார் ஓட்டிப் பழகியவர்கள் அந்த இடைவெளியில் பதறி, சுக்கானை இன்னும் திருப்பி, எதிர்க்கரையில் போய் நிற்பார்கள். மெதுவாகப் போனால் எதுவும் ஆகாது. வாடகைப் படகை இரவில் ஓட்ட அனுமதி இல்லை.

நாமே ஓட்டும் படகா, ஹோட்டல் படகா?

பெனிஷ் எனப்படும் பழைய சரக்குப் படகுகளைப் புதுப்பித்து, அறைகள் போட்டு, சமையல்காரர், வழிகாட்டி, மாலுமியோடு நடத்துவது ஹோட்டல் படகு. பெரும்பாலும் ஆறு இரவுகள். ஊர் ஊராக மதுவும் பாலாடைக்கட்டியும் பரிமாறுவார்கள். வேனில் கோட்டைகளுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் அழைத்துப் போவார்கள். ஒருவருக்கே பல ஆயிரம் யூரோ ஆகும். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கும், ஏணியும் கயிறும் வேண்டாம் என்பவர்களுக்கும் அது நல்ல ஏற்பாடு.

மற்றவர்களுக்கு, நாமே ஓட்டும் படகைத்தான் தயங்காமல் சொல்வேன். நான்கு பேருக்கான படகு, பருவத்தையும் அளவையும் பொறுத்து, வாரத்துக்கு ஏறத்தாழ 1,000 முதல் 3,000 யூரோ வரை ஆகலாம். எஞ்சின் ஓடிய மணிக்கணக்கில் டீசல் கட்டணம், சைக்கிள் வாடகை, சேதத்துக்கான முன்பணம் ஆகியவை தனி. சைக்கிள் வாடகையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ரொட்டிக் கடை பல நேரங்களில் கால்வாயிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும்.

நீர்ப்பூட்டு எப்படி வேலை செய்கிறது? பயப்பட வேண்டுமா?

கால்வாய் மேடேற வேண்டிய இடங்களில் கட்டியிருக்கும் கல் தொட்டிதான் நீர்ப்பூட்டு. இரு முனையிலும் இரட்டைக் கதவு. ஏறும் படகு கீழ்க்கதவு வழியாக உள்ளே வந்ததும் அதை மூடிவிட்டு, மேல்கதவிலுள்ள சிறு மதகுகளைத் திறக்கிறார்கள். தண்ணீர் பாய்ந்து தொட்டி நிரம்ப, படகும் கூடவே உயர்கிறது. மட்டம் சமமானதும் மேல்கதவு திறக்கிறது. படகைத் தூக்க பம்பு எதுவும் வேண்டியதில்லை. கதவின் இரு பலகைகளும் மேல்நீரைப் பார்த்துக் கூம்பியபடி சேர்வதால், தண்ணீர் அழுத்த அழுத்த இறுக மூடிக்கொள்கின்றன.

ஏறும் நீர்ப்பூட்டுக்குள் முதன்முறை நுழையும்போது இருபுறமும் பாசி படிந்த ஈரச் சுவர் தலைக்கு மேல் நிற்கும். கல் இடுக்குகளில் பெரணிச் செடி முளைத்திருக்கும். வெளியே வெயிலடித்தாலும் உள்ளே குளிரும். மேலே நிற்பவரிடம் கயிற்றை வீச வேண்டும். அவர் அதைக் கரையிலுள்ள இரும்புத் தறியில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையை உங்களிடமே திருப்பித் தருவார். மதகு திறந்ததும் நீர் கொப்பளித்து, படகு முதலில் முன்னுக்கும் பிறகு பின்னுக்கும் இழுக்கும். அந்த இழுப்புக்கு ஏற்பக் கயிற்றைச் சுருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சில நிமிடங்களில் சுவர் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும். அதற்கப்பால் காவலர் வீட்டின் அவரைப் பந்தல், ஜன்னலில் ஜெரேனியம் பூத்தொட்டி, வாசலில் ஒரு நாய். இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த தருணம் இதுதான்.

பயம் வேண்டாம், ஆனால் சில விதிகளில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இறங்கும்போது கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது: தண்ணீர் வடிய வடியப் படகு கயிற்றில் தொங்கிவிடும். மேல்கதவுக்கு உட்புறம் தண்ணீருக்கடியில் ஒரு கல் படி நீண்டிருக்கும். இறங்கும் படகின் பின்பகுதி அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் படகு கவிழும் அளவுக்குச் சாயலாம். சுவரில் தீட்டியிருக்கும் அடையாளக் கோட்டுக்கு முன்னால் படகை நிறுத்திவையுங்கள். சுவரில் மோதப் போகும் படகைக் கையாலோ காலாலோ தள்ளாதீர்கள். பல டன் எடை அது. மோதினால் மோதட்டும், அதற்காகத்தான் பக்கவாட்டில் காற்றடைத்த உருளைகள் தொங்குகின்றன.

மிடி கால்வாயில் கதவுகள் பெரும்பாலும் மின்சாரத்தில் இயங்குகின்றன. நடு பிரான்ஸின் பர்கண்டி, நிவெர்னே கால்வாய்களில் இன்னும் பல இடங்களில் கைப்பிடியைச் சுற்றித்தான் திறக்க வேண்டும். ஒரே காவலர் ஸ்கூட்டரில் உங்களுக்கு முன்னால் போய் அடுத்தடுத்த கதவுகளைத் திறந்துவைப்பார். ஒரு பக்கத்துக் கதவை நீங்கள் இறங்கித் திறந்து கொடுங்கள். போனதும் "போன்ஷூர்" (வணக்கம்) சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டாலும் இந்த இரண்டும் போதும். சிலர் தோட்டத்துக் காய்கறியும் முட்டையும்கூட விற்பார்கள்.

ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகலாம்?

கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். கார் பயணத்தின் கணக்கை இங்கே கொண்டுவந்தால் பயணம் கெட்டுவிடும்.

நீர்ப்பூட்டுகள் பொதுவாகக் காலை 9 மணி முதல் மாலை 6 அல்லது 7 வரை இயங்கும். பல இடங்களில் மதியம் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்காக மூடிவிடுவார்கள். ஒரு நீர்ப்பூட்டைக் கடக்கக் குறைந்தது கால் மணி நேரம் ஆகும். முன்னால் ஒரு படகு காத்திருந்தால் அது இரட்டிப்பாகும். ஒரு நாளில் எட்டு நீர்ப்பூட்டு வந்தாலே இரண்டரை மணி நேரம் அவற்றில் போய்விடும். ஐந்து மணி நேரம் ஓட்டினால் மீதியில் 15 கி.மீ. நகரலாம். ஆக, ஒரு வாரத்துக்கு 90 கி.மீ. என்பதே தாராளமான கணக்கு.

பர்கண்டி கால்வாயின் நீளம் 242 கி.மீ.; நீர்ப்பூட்டுகள் 189. இதை ஒரே வாரத்தில் முடிக்க நினைத்து வருகிறவர்கள் உண்டு. விடிந்ததிலிருந்து ஓட்டி, மூடும் நேரத்துக்குள் அடுத்த கதவைப் பிடித்தாக வேண்டும் என்ற பதற்றத்திலேயே அவர்கள் நாள் போகும். கரையிலிருக்கும் கோட்டைக்கு இறங்க மனம் வராது. வரைபடத்தில் நீங்கள் குறித்த தூரத்தில் பாதியை அடித்துவிடுங்கள் என்பதே என் உறுதியான யோசனை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் பயணமாக இருந்தாலும் கவலை இல்லை. ஏறும்போது பார்த்த ஊரும் இறங்கும்போது பார்க்கும் ஊரும் ஒன்றாக இருப்பதில்லை.

எந்தக் கால்வாயைத் தேர்ந்தெடுக்கலாம்?

முதல்முறை போகிறவர்களில் பலர் மிடி கால்வாய்க்கே போகிறார்கள். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரத் தோ காயல் வரை 240 கி.மீ.; 1996-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கார்கசோனில் படகுத்துறையும் ரயில் நிலையமும் எதிரெதிரே இருக்கின்றன. நீர்ப்பூட்டை நினைத்தாலே கலக்கம் என்பவர்களுக்கு அர்ஜான் முதல் பெசியே வரை சுமார் 54 கி.மீ. நீளத்துக்கு ஒரு நீர்ப்பூட்டுகூட இல்லாத பகுதி இருக்கிறது. மலைச்சரிவின் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு கால்வாய் வளைந்து வளைந்து போகும். கீழே கண்ணுக்கெட்டிய வரை திராட்சைத் தோட்டங்கள். கப்பெஸ்தாங் ஊர்ப் பாலம் மட்டும் மிகத் தாழ்வானது. மேல்தளத்தில் இருப்பவர்கள் குனிந்துகொள்ள வேண்டும், குடையை மடக்க வேண்டும்.

அதே பகுதியில் மல்பா குன்றில் கட்டாயம் இறங்குங்கள். ஒரே குன்றைக் குடைந்து மூன்று சுரங்கங்கள் போகின்றன. 13-ஆம் நூற்றாண்டில் மொந்தாதி ஏரியை வற்றவைக்கத் தோண்டியது ஒன்று. 1679-80-இல் படகுகளுக்காகக் குடைந்தது ஒன்று. 19-ஆம் நூற்றாண்டில் ரயிலுக்காக அமைத்தது மற்றொன்று. குன்றின் மேலேறி என்செரூன் என்ற பழங்காலக் குடியிருப்பு இருந்த இடத்திலிருந்து பார்த்தால், வற்றிய ஏரியின் வயல்கள் ஒரு நடுப்புள்ளியிலிருந்து கதிர் விரிந்தாற்போல் தெரியும். அதன் வாய்க்கால்கள் இன்றும் மழைநீரைக் குன்றுக்கடியில் கடத்திக்கொண்டிருக்கின்றன.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு நிவெர்னே. ஒசேரிலிருந்து தெற்கே 174 கி.மீ.; மொர்வான் மலைக்காட்டு விறகைப் பாரிஸுக்குக் கொண்டுபோவதற்காக 1784-இல் வெட்டத் தொடங்கினார்கள். சோசுவா சுண்ணாம்புப் பாறைகள் யோன் ஆற்றின் மேல் செங்குத்தாக நிற்கும். அவற்றில் தொற்றி ஏறும் இளைஞர்களைப் படகிலிருந்தே பார்க்கலாம். இன்னும் தெற்கே சார்டியில் 16 நீர்ப்பூட்டுகள் அடுத்தடுத்துப் படிக்கட்டாக ஏறுகின்றன. உச்சியில் மரங்கள் கவிந்த ஆழமான பள்ளத்தின் வழியே மூன்று சுரங்கங்கள். ஒரு வாரத்துக்கு ஒசேர் முதல் கிளாம்சி வரை போய்த் திரும்ப நினைக்க வேண்டாம். ஒருவழியே சுமார் 60 கி.மீ., முப்பதுக்கும் மேற்பட்ட நீர்ப்பூட்டுகள். ஒருவழிப் பயணமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பர்கண்டி கால்வாய் உழைப்பு கேட்கும்; அனுபவம் வந்த பிறகு போகலாம். தான்லே, ஆன்சி-ல-ஃப்ரான் கோட்டைகள், ஃபோந்தனே மடம், மேட்டின் மேல் நிற்கும் ஷத்தோநேஃப் கோட்டை எல்லாம் இதன் வழியில்தான். உச்சியில் பூயி-ஆன்-ஓஸ்வா ஊருக்கடியில் 3,333 மீட்டர் நீளச் சுரங்கம். உள்ளே கரைப்பாதை கிடையாது. முன்பு படகுகளை இழுத்துச் சென்ற மின்சார இழுவைப் படகை, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் அட்டைக் குழாய்களால் வடிவமைத்த கூரையின்கீழ் ஊரில் வைத்திருக்கிறார்கள்.

மிடி கால்வாய்க்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது?

இந்தக் கால்வாயை உருவாக்கிய ரிக்கேயின் பெருமையே இதற்கான விடையில்தான் இருக்கிறது. அட்லாண்டிக்கையும் மத்தியதரைக் கடலையும் இணைக்க வேண்டும் என்ற யோசனை பலருக்கு வந்தது. நடுவிலிருக்கும் மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவது எப்படி என்பதற்குத்தான் யாரிடமும் வழியில்லை. ஒவ்வொரு முறை நீர்ப்பூட்டு திறக்கும்போதும் மேட்டிலிருந்து ஒரு தொட்டி நீர் இருபக்கமும் இறங்கிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டாவிட்டால் கால்வாய் காய்ந்துவிடும். உப்பு வரி வசூலிப்பவராக இருந்த பியேர்-போல் ரிக்கே, கறுப்பு மலையின் ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 190 மீட்டர் உயரத்திலுள்ள நொரூஸ் கணவாய்க்குக் கொண்டுவரலாம் என்று காட்டினார். கோடைக்குச் சேமிக்க சேன்-ஃபெரியோல் அணை எழுந்தது. மன்னர் பதினான்காம் லூயியின் ஆணை 1666-இல் வந்தது.

துலூஸில் முதலில் நேர்ச்சுவராகக் கட்டிய நீர்ப்பூட்டு இடிந்து விழுந்தது. அதன் பிறகு, மண்ணின் அழுத்தத்தைத் தாங்கும்படி சுவர்களை வளைத்து முட்டை வடிவில் கட்டினார்கள். இன்று படத்தில் பார்த்ததும் மிடி கால்வாய் என்று அடையாளம் தெரிவது அந்த வளைவால்தான். பெசியேக்கு அருகே ஃபொன்செரானில் எட்டுத் தொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, சுமார் 21 மீட்டர் உயரத்துக்கு ஏறுகின்றன. மண் சுமந்த கூலியாட்களில் பெண்களும் ஏராளம். ரிக்கே தன் சொத்தையும் போட்டு, கடனும் வாங்கி வேலையை நடத்தினார். 1680-இல் இறந்தார், அடுத்த ஆண்டு கால்வாய் திறந்தது.

கரையோர மரங்களை வெட்டுகிறார்களாமே?

உண்மை, மனதை வருத்தும் செய்தி. மிடி கால்வாய்க் கரையில் சுமார் 42,000 பிளேன் மரங்கள் நின்றன. பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் நட்டவை. ஒருவகைப் பூஞ்சை நோய் அவற்றில் 2006-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையின் மரப்பெட்டிகளோடு பிரான்ஸுக்கு வந்த நோய் என்கிறார்கள். மருந்து இல்லை, தாக்கிய மரத்தையும் அடுத்திருப்பவற்றையும் வெட்டி எரிக்கிறார்கள். அந்த இடங்களில் வேறு இன மரங்களைக் கலந்து நடுகிறார்கள். சில பகுதிகளில் நிழலே இல்லாமல் வெயிலில் போக வேண்டியிருக்கும். கயிறு உரசிய காயத்தின் வழியாகவும் நோய் பரவும் என்பதால் மரத்தில் படகைக் கட்டக் கூடாது. படகிலேயே இரும்பு முளையும் சுத்தியலும் இருக்கும். கரையில் அடித்துக் கட்டுங்கள்.

பழைய சரக்குப் படகுகளை இன்னும் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் எல்லாக் கால்வாயிலும் அல்ல. பொதுப்பணித் துறை அமைச்சர் ஷார்ல் த ஃப்ரேசினே 1879-இல் கொண்டுவந்த சட்டம், முக்கியக் கால்வாய்களின் நீர்ப்பூட்டுகளை 39 மீட்டர் நீளம், 5.2 மீட்டர் அகலம் என்று ஒரே அளவாக்கியது. அதற்கேற்பக் கட்டிய 38.5 மீட்டர் பெனிஷ், சுவருக்கும் தனக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் உள்ளே நுழைவதைப் பார்ப்பதே ஒரு பாடம். மிடி கால்வாயின் பெரும்பகுதி பழைய அளவிலேயே நின்றுவிட்டதால் அங்கே இந்தப் படகுகள் முழுத்தூரமும் போக முடியாது.

எஞ்சின் வருவதற்கு முன் குதிரை வாங்க வசதியில்லாத குடும்பங்களில், தோளில் வாரைப் போட்டுக்கொண்டு மனைவியும் பிள்ளைகளும் படகை இழுத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இது நடந்தது. பாரிஸுக்கு அருகே கோன்ஃப்லான்-சேந்த்-ஒனோரினில் படகோட்டிகளுக்கான அருங்காட்சியகமும், கான்கிரீட்டில் கட்டிய மிதக்கும் தேவாலயமும் இருக்கின்றன. கால்வாயில் விடுமுறை கழிக்கும் முன் அங்கே அரை நாள் ஒதுக்கினால், கரைப்பாதையைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

சாப்பாடு? சைவர்களுக்குச் சிரமமா?

படகில் அடுப்பும் குளிர்பெட்டியும் உண்டு. சமைத்துக்கொண்டால் சிரமமே இல்லை. பாரிஸ் வழியாகப் போகிறவர்கள் லா ஷபேலில் ஈழத் தமிழர் கடைகளில் அரிசி, பருப்பு, புளி, கறிவேப்பிலை எல்லாம் வாங்கிக்கொள்ளலாம். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். கிராம உணவகங்களில் சைவம் என்றால் பெரும்பாலும் ஆம்லெட்டும் சாலடும்தான்; முட்டையும் சாப்பிடாதவர்கள் அவற்றை நம்பிப் போக வேண்டாம். சந்தை நாளை விசாரித்து அதற்கேற்பப் படகை நிறுத்துங்கள்: தக்காளி, பீச், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி எல்லாம் விளைவித்தவர் கையிலிருந்தே கிடைக்கும். மதியம் கடைகள் மூடிவிடும். ஞாயிறு பிற்பகலிலும் திங்கட்கிழமையும் பல கிராமங்களில் எதுவுமே திறந்திருக்காது.

குழந்தைகளோடு போகலாமா?

தாராளமாக. மேல்தளத்தில் இருக்கும்போதும் நீர்ப்பூட்டிலும் மிதவைச் சட்டை கட்டாயம். கயிறு பிடிக்கும் வேலையைப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றபடி கொடுங்கள். அவர்கள் செல்பேசியை மறந்துவிடுவார்கள். கால்வாயில் குளிக்கத் தடை இருக்கிறது.

எப்போது போவது? எப்படிச் சேர்வது?

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. மே, ஜூன், செப்டம்பர் சிறந்தவை. ஜூலை, ஆகஸ்டில் மிடி கால்வாயில் வெயிலும் நெரிசலும் சேர்ந்துகொள்ளும். குளிர்காலத்தில் பழுதுபார்ப்பதற்காகப் பல கால்வாய்களை மூடி, சில இடங்களில் தண்ணீரையே வடித்துவிடுவார்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். தங்குமிடச் சான்றாகப் படகு வாடகை ஒப்பந்தத்தையும், முன்னும் பின்னும் தங்கும் ஹோட்டல் பதிவுகளையும் சேர்த்துக் கொடுங்கள். பர்கண்டிக்குப் பாரிஸிலிருந்து மோன்பார் வரை டி.ஜி.வி. அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். துலூஸ் நான்கரை மணி நேரத் தொலைவு.

கோடையில் தண்ணீர் வற்றினால் பயணம் ரத்தாகிவிடுமா?

ஆகலாம். ஃப்ரேசினே அளவு நீர்ப்பூட்டு ஒரு முறை நிரம்ப 5 லட்சம் லிட்டர் வேண்டும். மேட்டு ஏரிகள் வறண்டால் அதற்கு வழியில்லை. அண்மை ஆண்டுகளின் வறட்சியில் சில கால்வாய்களின் பகுதிகளை மூடவும், பல படகுகளைச் சேர்த்து ஒரே தடவையில் கடத்தவும் நேர்ந்தது. மலையுச்சியைக் கடக்கும் பர்கண்டி, நிவெர்னேயின் மேல்பகுதிகளில் இந்த ஆபத்து அதிகம்; ஆறுகளை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் குறைவு. எனவே ஆகஸ்டில் போவதானால் தாழ்வான பகுதியைத் தேர்ந்தெடுங்கள். கால்வாய் மூடப்பட்டால் வேறு தளத்திலிருந்து படகு தருவார்களா, பணத்தைத் திருப்பித் தருவார்களா என்பதைப் பதிவு செய்யும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூடல் அறிவிப்புகளை வி.என்.எஃப். தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.